கையெழுத்திட மறுத்தவர் மேல் கோபம் ஏன்?

கேள்வி: டர்பனில் உள்ள ஒரு பழைய கணக்காளர் நிறுவனம், என் தகப்பனார் செயலாளராக இருந்த காலத்திலிருந்து எங்கள் கோயில் சங்கத்தின் கணக்கைப் பார்த்து வருகிறது. இந்த ஆண்டு தைப்பூசக் காவடியன்று உண்டியல் பணத்திலிருந்தே பந்தல்காரருக்கும் காய்கறிக்காரருக்கும் கொடுத்தோம். ரசீது இல்லை என்று சொல்லி, அறிக்கையில் கையெழுத்திட மறுக்கிறார்கள். இத்தனை காலப் பழக்கத்துக்கு மரியாதை இவ்வளவுதானா? வேறு ஆளைப் பார்க்கலாம் என்கிறது கமிட்டி.
(பெயர் வேண்டாம், சாட்ஸ்வொர்த்)

பதில்: அவர்கள் மறுத்ததுதான் உங்கள் தகப்பனார் காலத்துப் பழக்கத்துக்குச் செய்த மரியாதை, ஐயா.

தென்னாப்பிரிக்காவின் 1997ஆம் ஆண்டு இலாப நோக்கற்ற அமைப்புகள் சட்டப்படி பதிவான சங்கம், நிதியாண்டு முடிந்த ஆறு மாதங்களுக்குள் நிதி அறிக்கை தயாரிக்க வேண்டும். அதிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் கணக்காளர் ஒருவர், அந்த அறிக்கை சங்கத்தின் கணக்குப் பதிவுகளோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்தில் தர வேண்டும். செலவுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லையென்றால் அவர் எதைப் பார்த்து எழுதுவார்? உங்கள் முகத்தைப் பார்த்தா?

அது யாருடைய பணம்? ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து, முந்தானையில் முடிந்து வந்து, பால்குடம் இறக்கிய கையோடு ஒரு பாட்டி உண்டியலில் போட்ட பணம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். கோயில் பணத்தில் அந்தக் கவனம் எங்கே போயிற்று?

தாராளமாகப் போட்ட கையெழுத்து என்ன செய்யும் என்று இந்த நாடு 2018இல் பார்த்தது. வி.பி.எஸ். மியூச்சுவல் வங்கியிலிருந்து ஏறக்குறைய 200 கோடி ராண்ட் சுருட்டப்பட்டிருந்தது. ஆனால் அதன் 2017ஆம் ஆண்டுக் கணக்கு சரியென்று உலகப் பெயர் பெற்ற ஒரு தணிக்கை நிறுவனம் கையெழுத்திட்டிருந்தது; பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றது. லிம்போபோ மாகாணக் கிராமங்களின் முதியவர்களும் ஈமச்சடங்குச் சங்கங்களும் சேமித்த பணம் அந்த வங்கியில்தான் சிக்கிக்கொண்டது.

நீண்ட பழக்கம் கண்ணை மறைக்கும் என்று சட்டம் இயற்றியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. 2008ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின்படி, ஒரே நபர் ஒரு கம்பெனிக்குத் தணிக்கையாளராகத் தொடர்ந்து ஐந்து நிதியாண்டுகளுக்கு மேல் இருக்க முடியாது. கணக்கு எழுதிக்கொடுப்பவரே தணிக்கையாளராகவும் இருக்கக் கூடாது. கம்பெனியாகப் பதிவாகாத கோயில் சங்கத்தை இந்த விதி கட்டுப்படுத்தாது. அந்த விதியின் கட்டாயம் இல்லாமலேயே உங்கள் கணக்காளர் கண்டிப்பாக இருக்கிறார். இப்படிப்பட்டவரை அனுப்பிவிட்டு, எதையும் கேட்காத ஒருவரையா தேடப் போகிறீர்கள்? அப்படி ஒருவர் கிடைப்பது எளிது. அதுதான் எனக்குக் கவலை.

பந்தல்காரரிடமும் காய்கறிக்காரரிடமும் போய், பெற்ற தொகைக்கு எழுதி வாங்குங்கள். இன்றைய தேதியே இருக்கட்டும். முன்தேதி போடச் சொல்லாதீர்கள், அது பொய்க் கணக்கு. எழுதி வாங்க முடியாத செலவுகளை ஆதாரம் இல்லாதவை என்றே கணக்காளர் அறிக்கையில் குறிப்பிடட்டும். பொதுக்கூட்டத்தில் அந்த வரியைச் செயலாளரே வாசிக்கட்டும்.

அடுத்த காவடிக்கு உண்டியலை எண்ணும் மேசையிலேயே மூன்று பேர் தொகையைத் தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். எண்ணிய பணம் முழுவதும் வங்கிக்குப் போகட்டும். பந்தல்காரருக்குச் சேர வேண்டியது வங்கிக் கணக்கிலிருந்து போகட்டும்.