மதியம்வரை தூங்கும் மகன்: சோம்பலா, நோயா?

"மகனுக்கு 25 வயது. பி.இ. முடித்து மூன்று வருடமாக வேலை இல்லை. மதியம்வரை தூங்குகிறான். கல்யாணம், காதுகுத்து எதற்கும் வருவதில்லை. கல்விக் கடனும் நிற்கிறது. இது சோம்பலா, மனநோயா? கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்கிறார் என் அண்ணன்." நாமக்கல்லில் இருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்.

அண்ணன் யோசனையை முதலில் ஓரமாக வையுங்கள் அம்மா. வருமானம் இல்லாதவன் தலையில் இன்னொரு பெண்ணின் வாழ்க்கையையும் ஏற்றினால் பாரம்தான் கூடும்.

சோம்பல் என்றும் நான் சொல்லமாட்டேன். 1930 வாக்கில் வியன்னா அருகே மரியென்தால் என்ற ஊரில் பஞ்சாலை மூடி, ஊரே வேலை இழந்தது. சமூக உளவியலாளர் மரீ யஹோடாவும் கூட்டாளிகளும் அங்கே போய் ஆராய்ந்தார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்களின் நடைகூடத் தளர்ந்திருந்தது. அடுப்படி வேலை ஓயாத பெண்களுக்கு நாள் அப்படிக் குலையவில்லை. வேலை சம்பளத்தோடு நிற்பதில்லை. எத்தனை மணிக்கு எழுவது, யாரைப் பார்ப்பது, "தம்பி என்ன பண்றே?" என்றால் என்ன பதில் சொல்வது, இதெல்லாமும் அதிலிருந்துதான் வருகிறது. உங்கள் மகன் கல்யாண வீட்டுக்கு வராததற்கு அந்தக் கேள்வியே காரணமாக இருக்கலாம்.

ஆகவே படித்த படிப்புக்கேற்ற வேலை வரும்வரை, தினமும் ஒரே நேரத்தில் போய்வர ஏதாவது வேண்டும். தெரிந்தவர் கடையில் காலை இரண்டு மணி நேரம் கணக்குப் பார்த்தாலும் போதும். ஆனால் கூலி தரச் சொல்லுங்கள். சும்மா ஒத்தாசைக்கு என்றால் நாலு நாளில் நின்றுவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள் முகம் வாடி, பிடித்ததில்கூட நாட்டம் போய், பசியும் தூக்கமும் மாறியிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். தைராய்டு, ரத்தசோகையும் இப்படிக் காட்டும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். வரமாட்டேன் என்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்: இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். "நான் இல்லாமலே போயிருக்கலாம்" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் நாள் பார்க்காதீர்கள். அன்றே மருத்துவமனை, அதுவரை தனியே விடக் கூடாது. சாகிற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

கடன் விஷயம்: வங்கி அழைத்தால் போனை எடுக்காமல் இருப்பதுதான் அவன் தூக்கத்தைக் கெடுக்கும். நீங்களும் கூடப் போங்கள். வேலை இல்லாததை எழுதிக் கொடுத்து, தவணையைத் தள்ளிவைக்கவோ குறைக்கவோ கிளை மேலாளரிடம் கேளுங்கள், கொடுத்த கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.