மோதிரக் கணக்கு: குவாட்டர்பேக் பற்றிய கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்கக் கால்பந்து லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்ற அணியின் வீரர்களுக்கு ஆளுக்கொரு மோதிரம் கொடுப்பார்கள். அதனால் அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் "அவருக்கு எத்தனை மோதிரம்?" என்று கேட்டால் எத்தனை பட்டம் என்று பொருள். ஒரு குவாட்டர்பேக் பெரிய ஆட்டக்காரரா இல்லையா என்பதை அந்த எண்ணிக்கையை வைத்துச் சொல்லிவிடலாமா என்பதுதான் இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பதிலுக்கு முன்னால் ஒரு வாக்குமூலம்: நான் மயாமியின் குவாட்டர்பேக் டான் மரினோவின் ரசிகன். அவருக்கு மோதிரம் ஒன்றுகூடக் கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டே என்னைப் படியுங்கள்.

புதிதாகப் பார்ப்பவன்: கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்தவன் நான். இந்தக் குவாட்டர்பேக் யார்? வெற்றி, தோல்வி எல்லாவற்றையும் ஏன் அவர் தலையில் கட்டுகிறார்கள்?

பந்து தன் அணியிடம் இருக்கும்போது ஒவ்வொரு ஆட்டமும் அவர் கையில்தான் தொடங்குகிறது. எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று விநாடிகளில் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் நூற்றிருபது கிலோ ஆள் ஒருவர் மேலே வந்து விழுந்துவிடுவார்.

கிரிக்கெட்டில் மட்டை பிடித்த அணியே பந்தும் வீசுகிறது, இல்லையா? இங்கே தாக்குவதற்கு ஒரு பதினொருவர், தடுப்பதற்கு வேறு பதினொருவர், உதைப்பதற்குத் தனி ஆள். பந்து எதிரணிக்குப் போய்விட்டால் குவாட்டர்பேக் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். ஏறக்குறைய பாதி ஆட்டம் அப்படித்தான் போகும். ஆனால் வெற்றி, தோல்விக் கணக்கை அவர் பெயரில்தான் எழுதுகிறார்கள். குழப்பமெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

பாஸ்டன்வாசி: டாம் பிரேடி, ஏழு மோதிரம். இதற்கு மேல் என்ன விவாதம் ஐயா?

உங்கள் பிரேடியையே எடுத்துக்கொள்வோம். 2018 பிப்ரவரியில் பிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு எதிராக 505 யார்டு எறிந்தார், அதாவது அவர் எறிந்த பந்துகளால் அணி அத்தனை தூரம் முன்னேறியது. மூன்று டச்டவுன், அதாவது பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிச் சேர்த்தது. எதிரணி பறித்த பந்து ஒன்றுகூட இல்லை. கடைசிக் கட்டத்தில் ஒருமுறை கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டார்கள் என்பதைத் தவிரக் குறை சொல்ல அதிகம் இல்லை. அவர் அணியான நியூ இங்கிலாந்து 41-33 என்று தோற்றது. சரியாக ஓராண்டு கழித்து ராம்ஸுக்கு எதிராக அவர் எறிந்ததில் டச்டவுன் ஒன்றுமில்லை, பறிகொடுத்தது ஒன்று. அணி 13-3 என்று வென்றது. மோதிரக் கணக்கு என்ன சொல்கிறது? முதல் ஆட்டம் பூஜ்யம், இரண்டாவது ஆட்டம் ஆறாவது மோதிரம்!

2015 பிப்ரவரியையும் பாருங்கள். கடைசிக் கால்பகுதியில் பத்துப் புள்ளி பின்தங்கியிருந்த அணியை இரண்டு டச்டவுன் எறிந்து முன்னுக்குக் கொண்டுவந்தார் பிரேடி. அது அவருடையது, யாரும் பறிக்க முடியாது. ஆனால் அதன்பின் சியாட்டில் கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்தில் வந்து நின்றது. அப்போது பிரேடி செய்வதற்கு ஒன்றுமில்லை, ஓரத்தில் நின்று பார்த்தார். மால்கம் பட்லர் என்ற புதுமுகம் குறுக்கே பாய்ந்து பந்தைப் பறித்தார். அந்த ஒரு பாய்ச்சல் தவறியிருந்தால் பிரேடியின் எறிதலில் ஒரு யார்டும் குறைந்திருக்காது. மோதிரம்தான் ஒன்று குறைந்திருக்கும்.

எண்கணிதன்: ஒரே ஆட்டக்காரரை வைத்து இந்தக் கணக்கு தவறு என்று காட்ட முடியுமா?

பேட்டன் மேனிங் போதும். 2013 சீசனில் டென்வருக்காக 5,477 யார்டு, 55 டச்டவுன் எறிந்தார். இரண்டுமே சாதனை. சூப்பர் பவுலில் சியாட்டிலின் தற்காப்பு அவர் அணியை 43-8 என்று துவைத்து எடுத்தது. அவரும் அன்று நன்றாக ஆடவில்லை, மறைக்க வேண்டியதில்லை.

2015-இல் அதே மேனிங். கையில் பழைய வலு இல்லை, காலில் காயம். சீசன் முழுவதும் 9 டச்டவுன், எதிரணிக்குக் கொடுத்தது 17. நடுவில் பெஞ்சில்கூட உட்கார வைத்தார்கள். வான் மில்லர் தலைமையிலான தற்காப்பு கரோலினாவை நொறுக்க, டென்வர் 24-10 என்று வென்றது. மேனிங் இரண்டாவது மோதிரத்தோடு ஓய்வு பெற்றார். 2013, 2015 இரண்டில் அவருக்குச் சிறந்த ஆண்டு எது என்று மோதிரத்தைக் கேட்டால் 2015 என்று சொல்லும். அந்த சீசனைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பால்டிமோர் பக்கம்: டிரென்ட் டில்ஃபரை எல்லாரும் கேலி செய்கிறார்கள். அவரும் வென்றவர்தானே?

வென்றவர்தான், கேலி எனக்கும் பிடிக்காது. ஆனால் 2000 சீசனின் பால்டிமோர் தற்காப்பு 16 ஆட்டங்களில் விட்டுக்கொடுத்தது வெறும் 165 புள்ளி. நடுவில் அந்த அணி தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை, அதிலும் இரண்டில் வென்றது. இறுதியில் ஜயன்ட்ஸை 34-7 என்று வீழ்த்திய பிறகு, கோப்பை வாங்கிய டில்ஃபரை அணி நிர்வாகமே வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. மோதிரத்தின் மதிப்பு என்னவென்று அதைக் கொடுத்தவர்களுக்குத் தெரியும்.

மயாமி வெயில்: மரினோ அவ்வளவு பெரியவர் என்றால் 17 ஆண்டுகளில் ஒன்றாவது வென்றிருக்கலாமே?

வந்துவிட்டதா இந்தக் கேள்வி! 1984-இல், தன் இரண்டாவது சீசனில், அவர் 5,084 யார்டும் 48 டச்டவுனும் எறிந்தார். இன்று போல எறிபவரையும் பிடிப்பவரையும் விதிகள் பொத்திப் பாதுகாத்த காலமல்ல அது. டச்டவுன் சாதனை 2004 வரை நின்றது, யார்டு சாதனை 2011 வரை. அந்த சீசனின் சூப்பர் பவுலில் ஜோ மொண்டானாவின் சான் பிரான்சிஸ்கோ 38-16 என்று வென்றது. இருபத்து மூன்று வயதுக்காரர், இன்னும் எத்தனையோ வாய்ப்பு வரும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். திரும்பி வரவே இல்லை.

அவர் ஆடிய 17 சீசன்களில் மயாமியின் ஓட்டக்காரர் ஒருவர் 1,000 யார்டு தாண்டியது ஒரே ஒரு முறை, 1996-இல். எறிவதைத் தவிர அந்த அணிக்கு வேறு வழியில்லை என்பது எதிரணிக்கும் தெரியும். ஜான் எல்வேயோடு ஒப்பிடுங்கள். மூன்று சூப்பர் பவுல் தோற்றவர் அவர். டெரல் டேவிஸ் என்ற ஓட்டக்காரர் வந்து சேர்ந்த பிறகு, முப்பத்தேழு வயதில் முதல் பட்டம். அந்த இறுதி ஆட்டத்தில் எல்வே எறிந்தது 123 யார்டுதான். டேவிஸ் 157 யார்டு ஓடி மூன்று டச்டவுன் எடுத்தார். மரினோவுக்கு ஒரு டேவிஸ் கிடைத்திருந்தால் என்று முப்பது ஆண்டுகளாக வீட்டில் புலம்பிக்கொண்டிருக்கிறேன். மனைவி வேறு அறைக்குப் போய்விடுவார்.

மடக்குபவன்: மோதிரம் பொருட்டில்லை என்கிறீர்கள். ஆனால் உங்கள் பட்டியலில் பிரேடிதான் முதலிடம் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். இது இரட்டை நாக்கு இல்லையா?

நல்ல கிடுக்கிப்பிடி, தம்பி. பொருட்டில்லை என்று நான் சொல்லவில்லை. ஏழா ஐந்தா என்ற வித்தியாசம் எனக்குப் பெரிதில்லை. பட்லரும், கடைசி நொடியில் 48 யார்டு உதைத்த வினட்டேரியும் அந்த எண்ணை முடிவு செய்தவர்கள். ஆனால் அவர் பத்து முறை சூப்பர் பவுல் வரை போனார். ஒரு முறை போவது அதிர்ஷ்டத்தில் நடக்கும், பத்து முறை நடக்காது. நாற்பது வயதில் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது. நாற்பத்து நான்கில் 5,316 யார்டோடு லீகில் முதலிடம். 2019-இல் ஏழு வெற்றி மட்டுமே பெற்ற டாம்பா பே, அவர் போய்ச் சேர்ந்த ஆண்டே பட்டம் வென்றது. அவரை இழந்த நியூ இங்கிலாந்து அதே ஆண்டு ஏழு வெற்றிக்கு இறங்கியது. டாம்பா பே வென்ற அந்த இறுதி ஆட்டத்திலும் கேன்சஸ் சிட்டியை ஒன்பது புள்ளிக்குள் அடக்கியது தற்காப்புதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் என் வாதத்தில் இந்த இடம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. ஒத்துக்கொள்கிறேன்.

ஒஹாயோ: ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

ஜிம் பிளங்கெட்டுக்கு இரண்டு சூப்பர் பவுல், ஆனால் உங்கள் ஒஹாயோவின் கேன்டனில் இருக்கும் அந்தப் புகழ் மண்டபத்தில் இடமில்லை. மோதிரமே இல்லாத மரினோ, ஃபிரான் டார்க்கன்டன், நான்கு இறுதி ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்ற ஜிம் கெல்லி எல்லாரும் உள்ளே. இரண்டு பட்டம் வென்ற ஈலை மேனிங்கை 2025-இல், முதல் வாய்ப்பில், எடுக்கவில்லை. வழக்கமான சீசன் ஆட்டங்களில் அவர் கணக்கு 117 வெற்றி, 117 தோல்வி.

பஃபலோ பனி: ஜாஷ் ஆலன் இன்னும் சூப்பர் பவுலுக்கே போகவில்லை. அவரை எப்படி மதிப்பிடுவது?

2022 ஜனவரி, கேன்சஸ் சிட்டி. பதின்மூன்று விநாடி மீதியிருக்கும்போது ஆலன் நான்காவது டச்டவுனை எறிந்து 36-33 என்று முன்னிலை கொடுத்தார். மீதிப் பதின்மூன்று விநாடியை பஃபலோவின் தற்காப்பால் காக்க முடியவில்லை. சமன். கூடுதல் நேரத்தில் நாணயச் சுண்டலில் கேன்சஸ் சிட்டி பந்தைப் பெற்றது, பேட்ரிக் மஹோம்ஸ் அணியை நேராகக் கொண்டுபோய் டச்டவுன் எறிந்தார், ஆட்டம் முடிந்தது. ஆலன் பந்தைத் தொடவே இல்லை. இது அநியாயம் என்று லீகே உணர்ந்து, இறுதிச் சுற்றுகளில் இரு அணிக்கும் ஒருமுறையாவது பந்து கிடைக்கும்படி அதே ஆண்டு விதியை மாற்றியது. அந்தத் தோல்வியை ஆலன் பெயரில் எழுதுபவர் யாராக இருந்தாலும் அவரோடு நான் வாதாடத் தயாராக இல்லை.

கடைசி பெஞ்ச்: மூன்று நிமிடம் மீதி, மூன்று புள்ளி பின்தங்கல். யாரிடம் பந்தைக் கொடுப்பீர்கள்?

மரினோ என்று எழுதக் கை துடிக்கிறது. ஆனால் மொண்டானா. நான்கு மோதிரத்துக்காக அல்ல, 1989 ஜனவரிக்காக. சின்சினாட்டி 16-13 என்று முன்னிலை, சான் பிரான்சிஸ்கோ தன் எட்டு யார்டு கோட்டில், எதிரே 92 யார்டு. அந்த நேரத்தில் மொண்டானா கூட்டத்தைப் பார்த்து, நடிகர் ஜான் கேண்டி அங்கே உட்கார்ந்திருப்பதைச் சக வீரரிடம் காட்டினார். பிறகு ஆடப் போனார். முப்பத்து நான்கு விநாடி மிச்சம் வைத்து ஜான் டெய்லர் கையில் பந்தைச் சேர்த்தார்.