ஃபோர்க் மூடி கழல மாட்டேன் என்கிறதா? சேலம், ஏற்காடு வாசகர்களுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பழைய வண்டியில் முன் ஷாக்கின், அதாவது ஃபோர்க்கின், உச்சியில் இருக்கும் மூடி, டாப் போல்ட் என்றும் சொல்வார்கள், துரு ஏறி அசையவே இல்லை. மலையிலிருந்துதான் அதிகம். ஏற்காட்டுப் பனியிலும் சாரலிலும் நிற்கிற வண்டியில் அந்த மூடியின் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், மேலே இருந்த ரப்பர் எப்போதோ காணாமல் போயிருக்கும், அப்புறம் துரு பிடிக்காமல் என்ன செய்யும்? ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணே, அப்பாவோட 100 சிசி வண்டி, எஸ்டேட் ஷெட்டில் பல வருஷமா நின்னது. ஆயில் சீல் மாத்தலாம்னு பார்த்தா டாப் போல்ட் அசையல. ஸ்பேனரில் பைப் சொருகி இழுக்கலாமா? (நாகலூர்)

பைப்பை ஓரமாக வையுங்கள் தம்பி. நிறைய வண்டிகளில் மூடியைப் பிடித்திருப்பது துரு மட்டும் இல்லை. ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் மேல் பிளேட்டில், ஃபோர்க் பைப் நுழைகிற இடத்துக்குப் பக்கவாட்டில் ஒரு கிளாம்ப் போல்ட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பைப்பை இறுக்கும், பைப் உள்ளே இருக்கிற மரையை இறுக்கும், நீங்கள் மேலே நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள். அதை இளக்குங்கள். அந்தப் பிளேட்டுக்குக் கீழே ஃபோர்க் பைப்புகளைப் பிடித்திருக்கிற கீழ் டியில் இருக்கும் கிளாம்ப் மட்டும் இறுக்கமாகவே இருக்கட்டும், அதுதான் உங்களுக்கு வைஸ், பட்டறையில் கடித்துப் பிடிக்கிற இடுக்கி மாதிரி. ஃபோர்க்கைத் தனியாக வெளியே எடுத்து, வைஸில் கடிக்க வைத்து, குரோமில் பல் தடத்தோடு கொண்டுவருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மூடியை அசைக்கிற வேலை ஃபோர்க் வண்டியில் இருக்கும்போதே முடிய வேண்டும்.

ஹேண்டில்பார் குறுக்கே வந்தால் கழற்றி, டேங்க் மேல் துணி விரித்துச் சாய்த்து வையுங்கள். சாய்வாகப் பிடிக்கிற ஸ்பேனர்தான் தலையின் மூலைகளை மழுக்குகிறது. 12 பல் ரிங் வேண்டாம், ஆறு பட்டை சாக்கெட்தான் சரி. இந்த மூடிகளுக்குத் தலை உயரம் குறைவு. சாக்கெட் வாயின் உள்விளிம்பு கொஞ்சம் சரிவாக இருக்கும், பாதித் தலை அந்தச் சரிவுக்குள்ளேயே போய்விடுவதால் பிடிப்பு கிடைக்காது. ஒரு பழைய சாக்கெட்டை கிரைண்டரில் கொடுத்து அந்தச் சரிவு போகும்வரை வாயைத் தட்டையாகத் தேய்த்து வையுங்கள், தலையின் அடிவரை உட்காரும்.

சாக்கெட்டைப் போட்டு மேலிருந்து நேராகச் சுத்தியலால் நாலைந்து தட்டு தட்டுங்கள். துருவின் பிடி இழுவைக்கு விடாது, அதிர்வுக்கு விடும். முதலில் இறுக்குகிற பக்கம் இம்மி அசைத்துப் பாருங்கள், அப்புறம் கழற்றுகிற பக்கம். அசைந்துவிட்டது, ஆனால் கிரீச் கிரீச் என்று கத்துகிறது என்றால் ஒரே மூச்சில் கழற்றாமல் எண்ணெய் விட்டு, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று வாருங்கள்.

டபிள்யூடி-40 ஒரு டப்பா காலி, இன்னும் கழலவில்லை. டீசல், மண்ணெண்ணெய், கோலா எல்லாம் சொல்கிறார்கள், எது நல்லது? (அஸ்தம்பட்டி)

கோலாவைக் குடித்துவிடுங்கள். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டுவதற்காக வந்த சரக்கு, பெயரிலிருக்கும் டபிள்யூடி அதைத்தான் குறிக்கிறது. துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே தனி ஸ்ப்ரே விற்கிறது, அது மேல். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்து விடுகிறவர்களும் உண்டு, நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பெயின்டையும் தின்னும்.

உங்கள் சிக்கல் வேறாக இருக்கலாம். பல மூடிகளில் தலைக்குக் கீழே, மரைக்கு மேலே, ஒரு ஓ ரிங், அதாவது ரப்பர் வளையம், இருக்கும். ஆயில் வெளியே வராமல் தடுப்பதற்காக வைத்தது, நீங்கள் மேலிருந்து விடுகிற எண்ணெயையும் உள்ளே விடாது. அப்படிப்பட்ட மூடி என்றால் ஃபோர்க்கை இறக்கி, டிரெய்ன் ஸ்க்ரூ வழியாகப் பழைய ஆயிலை வடித்து, அதே ஓட்டையில் ஊடுருவும் எண்ணெயைச் செலுத்தித் தலைகீழாக ஒரு ராத்திரி நிறுத்துங்கள். உள்பக்கத்திலிருந்து மரைக்குப் போகும். காலையில் கீழ் டியில் திரும்ப மாட்டி இறுக்கிவிட்டுக் கழற்றிப் பாருங்கள்.

சூடு காட்டினால் கழலும் என்று மெக்கானிக் சொல்கிறார். வீட்டில் கேஸ் டார்ச் இருக்கிறது. காட்டலாமா? (அம்மாபேட்டை)

முதலில் மூடி என்ன உலோகம் என்று பாருங்கள், ஒரு காந்தம் போதும். ஒட்டினால் இரும்பு, பைப்பும் இரும்பு, செந்துருதான் பிரச்சினை. அங்கே பைப்பின் வெளிப்பக்கத்தைச் சீக்கிரமாகச் சூடாக்கினால் பைப் விரிந்து பிடி தளரும். ஒட்டவில்லை, ஓரத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது என்றால் பெரும்பாலும் அலுமினியம். ஈரம் இருக்கிற இடத்தில் இரும்போடு ஒட்டிக் கிடந்தால் அலுமினியம்தான் அரிக்கும். அதோடு அது இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும், அதனால் சூடாக இருக்கும்போது திருகினால் முன்னைவிட இறுக்கமாகத்தான் இருக்கும். சூடாக்கி முழுக்க ஆறவிட்டு, ஆறுகிறபோது எண்ணெய் விட்டு, இப்படி மூன்று நான்கு முறை செய்தால் வெள்ளைப் பொடியின் பிடி நொறுங்கும். ஆறின பிறகுதான் ஸ்பேனர்.

டார்ச் வேண்டாம், ஹீட் கன் போதும். ஃபோர்க்கில் ஆயில் இருக்கும்போது தீ காட்டுவது ஆபத்து, அது அடைபட்ட குழாய். ஸ்ப்ரே அடித்த ஈரத்தோடு தீ காட்டுவது அதைவிட மோசம். கேபிள், ஒயர், ஹெட்லைட் எல்லாம் விரல் தூரத்தில் இருக்கின்றன, டேங்கை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

தலை முழுக்க மழுங்கிவிட்டது. (குப்பனூர்)

இரும்பு மூடி என்றால் மேலே ஒரு பெரிய நட்டை வைத்து வெல்டிங் அடித்துவிடுங்கள். பிடிக்க ஆறு பட்டை கிடைக்கும், வெல்டிங் சூட்டிலேயே துருவும் விட்டுக்கொடுக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த் கிளிப்பை மூடிக்குப் பக்கத்தில் மேல் பிளேட்டிலோ பைப்பிலோ போடச் சொல்லுங்கள். ஃபிரேமில் போட்டால் கரண்ட் ஸ்டியரிங் பேரிங் வழியாக ஓடி குண்டுகளைக் கெடுக்கும். அலுமினியம் என்றால் லேத் பட்டறைக்குப் போய்விடுங்கள், உளியால் விளிம்பில் தட்டித் திருப்பும் வித்தை கைப்பழக்கம் உள்ளவருக்கு மட்டும்.

என் வண்டியில் தலையே இல்லை, ரப்பரை எடுத்தால் உள்ளே வட்டமான தட்டுதான். எதில் ஸ்பேனர் போடுவது? (சூரமங்கலம்)

எதிலும் இல்லை, அது திருகுகிற ரகமே இல்லை. தட்டைச் சுற்றி விளிம்பில் ஒரு கம்பி வளையம் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். ஒருவர் தட்டைக் கீழே அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் வளையத்தை நெம்பி எடுக்க வேண்டும். அழுத்தியும் இறங்கவில்லை என்றால் துருவைச் சுரண்டி எண்ணெய் விட்டுக் கட்டையை வைத்துத் தட்டுங்கள். முகத்தை நேர் மேலே வைக்காதீர்கள், ஸ்பிரிங் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். மரை மூடிக்கும் இது பொருந்தும்: கடைசி மரைகளுக்கு முன் இன்ஜினுக்கு அடியில் கட்டை வைத்து முன் சக்கரத்தைத் தூக்கிவிட வேண்டும், உள்ளங்கையால் அழுத்தியபடியே கழற்ற வேண்டும்.

மூடியில் தலைக்குப் பதில் 17 எம்எம் ஆலன் குழி, ஆறு பட்டைக் குழி. அவ்வளவு பெரிய ஆலன் கீ கடையில் இல்லை. (ஏற்காடு)

தலை 17 எம்எம் வருகிற எம்10 போல்ட் ஒன்று வாங்குங்கள். 16 எம்எம் தலையோடும் வருகிறது, அளந்து வாங்குங்கள். மரையில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, போல்ட் தலையைக் குழிக்குள் கவிழ்த்து வைத்து நட்டில் ஸ்பேனர் போடுங்கள். அதற்கு முன் குழியில் இறுகிக் கிடக்கும் மண்ணை ஊசியால் நோண்டி எடுங்கள், பாதி பேர் இதைச் செய்யாமல்தான் குழியைக் கெடுக்கிறார்கள்.

திரும்ப மாட்டும்போது என்ன தடவ வேண்டும்? (சேலம்)

மரையை ஒயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ஆன்டி சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) இருந்தால் அது, இல்லையென்றால் சாதா கிரீஸ், மெலிசாக. ஓ ரிங் கட்டாயம் புதுசு. மூடியை அழுத்தி, முதலில் எதிர்ப்பக்கம் சுற்றினால் ஒரு 'டிக்' கேட்கும், அங்கிருந்து கையாலேயே ஏற்றுங்கள். மெல்லிய மரை, கோணலாக ஏறினால் பைப்பே போச்சு. ஆயிலை நிறுத்துவது ஓ ரிங், அதனால் பேய் இறுக்கு வேண்டாம். மூடியை இறுக்கிய பிறகு மேல் கிளாம்ப், இந்த வரிசை மாறக் கூடாது.

யமஹா ஆர்எக்ஸ் 100. மூடி கழன்றது, ஆனால் பைப்பில் அங்கங்கே துருப் புள்ளி. ஹார்டு குரோம் (கெட்டியான குரோம் முலாம்) போடவா, புதுசு வாங்கவா? (அடிவாரம்)

புள்ளி எங்கே என்பதுதான் கேள்வி. ஹெட்லைட் மூடியிருக்கும் மேல்பகுதியில் என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு மறந்துவிடுங்கள், ஆயில் சீல் அங்கே வருவதே இல்லை. சீல் ஓடுகிற கீழ்ப்பகுதியில் நகத்தை வைத்து இழுக்கும்போது தட்டுகிறது என்றால், புது சீலையும் சீக்கிரம் அறுத்துவிடும். ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்குகிற வண்டிக்கு இன்னும் சீக்கிரம். 1996-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி, இப்போது கிடைக்கிற பைப்புகளில் பல டூப்ளிகேட், குரோம் மெலிசு. என்னைக் கேட்டால் ஒரிஜினல் பைப்புக்கு ஹார்டு குரோம் போட்டு அளவுக்கு கிரைண்ட் செய்து வாங்குவதுதான் சரி. பைப் வளைந்திருந்தால் அது வீண் செலவு, அதனால் கொடுப்பதற்கு முன் ஒரு கண்ணாடிப் பலகை மேல் உருட்டி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.