முதல் லேப்டாப் வாங்கப் போகிறேன், ஏமாந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மதுரையில் எப்படிப் பார்த்து வாங்குவது?

தங்கச்சி, நீங்கள் எழுதியிருப்பதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு: மேலூர் பக்கம் ஊர், பி.காம் முதல் வருடம், மதுரைக்குத் தினமும் பஸ்ஸில் வந்து போகிறீர்கள். அப்பா சேர்த்து வைத்த 50,000 ரூபாய் இருக்கிறது. வீட்டில் இதுவரை யாரும் லேப்டாப் வாங்கியதில்லை. எந்தக் கம்பெனி நல்லது, ஐ3யா ஐ5ஆ, கடையா ஆன்லைனா, பழைய சரக்கைத் தலையில் கட்டிவிடுவார்களா என்று கவலைகள்.

இதே பயத்தோடுதான் நானும் 2019ல் டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு கடைக்குள் நுழைந்தேன். அப்போது திருமங்கலத்தில் ஓர் ஆடிட்டரிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். "ஒன் டிபி ஹார்ட் டிஸ்க்ண்ணே, ஆயுசுக்கும் போதும்" என்றான் கடைப் பையன். டிபி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆயுசு என்ற வார்த்தை மட்டும் நன்றாகக் காதில் விழுந்தது. ராம், அதாவது வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம், 4 ஜிபிதான். காலையில் பட்டனை அழுத்திவிட்டு டீக்கடை வரை போய்வந்தால், அப்போதுதான் டெஸ்க்டாப்பில் ஒவ்வொரு படமாக வந்து உட்கார்ந்துகொண்டிருக்கும்.

இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். அப்புறம் சிம்மக்கல் பக்கம் ஒரு சின்ன சர்வீஸ் கடையில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி (அதைவிடப் பல மடங்கு வேகமான சேமிப்பகம்) போட்டு, காலியாக இருந்த ஸ்லாட்டில் இன்னொரு 4 ஜிபி ராம் சொருகிக் கொடுத்தார்கள். அரை நாள் வேலை. அதே லேப்டாப் அரை நிமிடத்துக்குள் எழுந்து நின்றது. ஆனால் திரையை ஒன்றும் செய்ய முடியவில்லை. டிஎன் பேனல் என்ற மலிவான திரை வகை. நேராக உட்கார்ந்தால் தெரியும், கொஞ்சம் சாய்ந்தால் போட்டோ நெகட்டிவ் மாதிரி ஆகிவிடும். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

அதனால் யார் என்னிடம் லேப்டாப் பற்றிக் கேட்டாலும், வாங்கிய பிறகு எதை மாற்ற முடியாதோ அதை முதலில் பாருங்கள் என்பேன். திரை, கீபோர்டு, பிராசசர் (லேப்டாப்பின் மூளை). இப்போது பல மாடல்களில் ராமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது, போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். எஸ்எஸ்டி, பேட்டரி, சார்ஜர் எல்லாம் பெரும்பாலும் பின்னால் மாற்றக் கூடியவை. அவற்றுக்காக ராத்தூக்கம் கெட வேண்டியதில்லை.

திரையைப் பார்க்கும் வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் மாமா. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை வியாபாரம், கம்ப்யூட்டருக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. 2024ல் அக்கா மகளுக்கு லேப்டாப் எடுக்கப் போனபோது சும்மா துணைக்கு வந்தார். கடைக்காரர் ஸ்டிக்கரைக் காட்டி என்னென்னவோ சொல்லிக்கொண்டிருக்க, மாமா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போய்விட்டார். அங்கிட்டுத் திருப்பினார், இங்கிட்டுச் சாய்த்தார். "விளக்குக்குக் கீழ வச்சா எல்லாப் பூவும் வெள்ளையாத்தாண்டா தெரியும்" என்றார். உள்ளே பளிச்சென்று இருந்த திரை வெளியே கறுப்பாக இருந்தது. நீங்கள் பார்க்கும் விலையில் பெரும்பாலான திரைகள் 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் தரும், அறைக்குள் போதும், திண்ணையில் உட்கார்ந்து படிக்க முடியாது. அது தெரிந்தே வாங்கலாம். ஐபிஎஸ் பேனலா (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத திரை) என்று மட்டும் கேட்டு, பக்கவாட்டில் நின்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கீபோர்டு விஷயத்தில் பி.காம் படிப்பவர்களுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. நாளைக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் வவுச்சர் போடும்போது வலது பக்கம் எண் பட்டை இருந்தால் கை பறக்கும். 15.6 அங்குல லேப்டாப்களில் அது பெரும்பாலும் இருக்கும், 14 அங்குலத்தில் பெரும்பாலும் இருக்காது. ஆனால் மேலூர் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற நாட்களில் அந்தக் கூடுதல் எடை தோளில் தெரியும். நீங்களாக இருந்தால் நான் 14 எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு ஒரு யுஎஸ்பி எண் பட்டை தனியாக வாங்கிவிடுவேன், சில நூறு ரூபாய்தான். இன்னொன்று, டேலி விண்டோஸுக்கான மென்பொருள். விலை குறைவு என்று, விண்டோஸ் இல்லாத குரோம்புக் பக்கம் போய்விடாதீர்கள்.

இனி ஐ3, ஐ5 என்ற இன்டெல் கம்பெனி பிராசசர்கள். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பொய் சொல்லி ஏமாற்றுவது குறைவு, உண்மையைப் பாதியோடு நிறுத்திக்கொள்வதுதான் அதிகம். ஐ3, ஐ5, ஐ7 என்பது வகுப்பு, அதற்குப் பின்னால் வரும் எண்தான் வயது. ஐ7-7500யு என்றால் ஏழாம் தலைமுறை, 2016ல் வந்தது, இரண்டே கோர் (பிராசசருக்குள் வேலை செய்யும் கைகள் மாதிரி). ஐ3-1215யு பன்னிரண்டாம் தலைமுறை, ஆறு கோர். அந்தப் பழைய ஐ7ஐ இந்த ஐ3 ஓரமாக உட்கார வைத்துவிடும். போதாததற்கு, விண்டோஸ் 11க்கு மைக்ரோசாப்ட் வைத்திருக்கும் பட்டியலில் இன்டெல்லின் ஏழாம் தலைமுறை அநேகமாகக் கிடையாது, எட்டிலிருந்துதான் கணக்கு. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஆகவே "ஐ7ங்க, வெறும் இருபதாயிரம்" என்று யாராவது பழைய லேப்டாப்பைக் காட்டினால் முழு எண்ணைக் கேளுங்கள்.

ஏஎம்டி கம்பெனியின் ரைசன் பிராசசர்களில் இதைவிடக் குழப்பம். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்று இரண்டு இருக்கின்றன. பெயரில் ஓர் எண்தான் வித்தியாசம், ஆனால் முன்னது நாலு கோர், பழைய ஜென் 2 வடிவமைப்பு. பின்னது ஆறு கோர், ஜென் 3. ஏழாயிரத்தில் தொடங்கும் இந்த வரிசையில் மூன்றாவது எண்தான் வடிவமைப்பைச் சொல்லும். 7520யு போட்ட லேப்டாப்பில் ராமும் பற்றவைத்ததாகவே இருக்கும், 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8தான். மோசமான சிப் என்று சொல்லவில்லை. கல்லூரி வேலைக்கு ஓடும். 7530யு விலையைக் கொடுத்து அதை வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ராம் 16 ஜிபி கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் 8 ஜிபியும் ஒரு காலி ஸ்லாட்டும். "அடுத்த மாசம் விலை ஏறிடும்" என்பது எல்லாக் கடையிலும் சொல்கிற வசனம்தான், ஆனால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை நிஜமாகவே ஏறியிருக்கிறது. அதற்காக அவசரப்பட வேண்டாம். பற்றவைத்த 8 ஜிபியைத் தவிர்க்க முடியுமா என்று பாருங்கள்.

பழைய சரக்கு பயம் நியாயமானது. பெட்டியில் தயாரிப்பு அல்லது இறக்குமதி மாதமும் வருடமும் அச்சிட்டிருப்பார்கள். பெட்டியிலும் லேப்டாப்பின் அடியிலும் உள்ள சீரியல் எண் ஒன்றுதானா என்று பார்த்து, அதைக் கம்பெனி இணையதளத்தில் போட்டால் வாரண்டி எப்போதிலிருந்து ஓடுகிறது என்று காட்டும். கம்பெனியிலிருந்து அனுப்பிய நாளிலிருந்து கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் பில்லைக் காட்டித் திருத்தச் சொல்லலாம். இதைக் கடையிலேயே நின்று, காசு கொடுப்பதற்கு முன்னால் செய்யுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கடையா ஆன்லைனா என்றால், முதல் லேப்டாப்புக்கு நான் கடைதான் சொல்வேன், தொட்டுப் பார்க்கலாம் என்பதற்காக. விலையை ஆன்லைனில் பார்த்து வைத்துக்கொண்டு பைபாஸ் ரோட்டில் இரண்டு கடை, டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடை ஏறி இறங்குங்கள். ஆன்லைனில்தான் வாங்குவதென்றால், சீல் உடைப்பதிலிருந்து முதல் முறை ஆன் ஆவது வரை வெட்டாமல் வீடியோ எடுத்து வையுங்கள். தகராறு வந்து பேசித் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எல்லாரும் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. "நாங்களே எல்லாம் செட் பண்ணிக் கொடுத்துடுறோம்" என்பார்கள். செய்யட்டும், ஆனால் மைக்ரோசாப்ட் கணக்கு உங்கள் மெயிலில் இருக்க வேண்டும். அக்கா மகள் தோழி ஒருத்திக்குக் கடைக்காரர் மெயிலிலேயே திறந்து கொடுத்துவிட்டார்கள். லேப்டாப்போடு வந்த ஆபீஸ் அந்த மெயிலோடு ஒட்டிக்கொண்டது. லேப்டாப்பின் சேமிப்பகம் பூட்டிக்கொண்டால் திறக்க உதவும் மீட்புச் சாவி எண்ணும் அங்கேதான் போய்ச் சேரும். ஒருநாள் திரை நீலமாகி அந்தச் சாவியைக் கேட்க, கடையில் அந்த மெயிலைத் திறந்த பையன் வேலையை விட்டுப் போயிருந்தான்.

வீட்டுக்குப் போய் 512 ஜிபி என்று வாங்கியது 476 என்று காட்டுகிறதே என்று பதற வேண்டாம். கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. யாரும் திருடவில்லை. ஊரில் கரண்ட் குறைந்து கூடினாலும் பெரும்பாலான சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், ஸ்டெபிலைசர் வேண்டாம். இடி மின்னல் வந்தால் மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். உலோக உடம்பில் கை வைத்தால் சுருக்கென்று ஷாக் அடிப்பது மாதிரி இருந்தால் பெரும்பாலும் வீட்டில் எர்த் சரியில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வட்டியில்லாத் தவணை என்பதில் பிராசசிங் கட்டணமும், வங்கி கணக்கில் காட்டும் வட்டி மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் சத்தமில்லாமல் சேரும். கையில் காசு இருக்கும்போது அது எதற்கு?

கம்பெனி பெயர் கேட்டிருந்தீர்கள். இந்த விலையில் பெரிய கம்பெனிகள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே பொருளைத்தான் தருகின்றன. மதுரையிலேயே யாருக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறது, வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று விசாரித்து, அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

"பில் இல்லாம இன்னும் ஆயிரம் குறைச்சுக்கலாம்" என்றால் வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள். ஜிஎஸ்டி எண்ணும் சீரியல் எண்ணும் போட்ட பில் வேண்டும். வாங்கிய அன்றைக்கே அதைப் போட்டோ எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள், அந்த வழவழப்பான தாளில் அச்சு நிற்காது. என் 2019 பில் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் வெள்ளை.