உமி நிறைந்த கிண்ணம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

சென்ற வாரம் மீன்தொட்டிக்கு ஃபில்டர் வாங்குவதற்காக என் எட்டு வயது மகளுடன் வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். ஒரே கூண்டில் முப்பது நாற்பது லவ் பேர்ட்ஸ் அடைந்து கிடந்தன. ஒன்று மட்டும் கீழே மூலையில், உடம்பை உப்பிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று செத்துக் கிடந்தது. மற்றவை அதன்மேல் ஏறி நடந்துகொண்டிருந்தன. கடைக்காரரிடம் சொன்னேன். "அது தூங்குதும்மா. இதெல்லாம் கூண்டுலயே பொறந்தது, எல்லாம் பழகிரும்" என்றார்.

மகள் அந்த மூலைப் பறவையை வாங்கச் சொல்லி அழுதாள். ஏனோ எனக்குக் கை வரவில்லை. வாங்காமல் வந்துவிட்டோம். அன்றிலிருந்து அவள் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. வாங்கியிருந்தால் ஓர் உயிராவது பிழைத்திருக்குமே என்று எனக்கும் உறுத்துகிறது. கணவரோ, "மனுஷங்களுக்கே ஆயிரம் கஷ்டம், நீ குருவிக்கு அழறியே" என்கிறார். அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. நான் செய்தது சரியா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

நீங்கள் வாங்காமல் வந்தது சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதம் முழுக்க அந்த உறுத்தல்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் மகள் அழுததும் சரி. அவள் பார்த்தது தூங்கும் பறவையை அல்ல.

பறவைகள் நோயை மறைக்கும். கூட்டத்தில் தளர்ந்து தெரியும் பறவையைத்தான் பருந்து முதலில் தூக்கும் என்பதால், நிற்கத் தெம்பு இருக்கும்வரை நன்றாக இருப்பதுபோலவே அவை காட்டிக்கொள்ளும். உடம்பை உப்பிக்கொண்டு பகலில் தரையில் உட்கார்ந்துவிட்ட பட்ஜி (கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் சின்னக் கிளி), இனி மறைக்கவும் முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். இறகை உப்புவது உடம்புச் சூட்டைக் காப்பாற்ற. மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடியிருந்தால், மூச்சு விடவே அது சிரமப்பட்டிருக்கிறது. ஆரோக்கியமான பறவை தூங்கும்போது குச்சியில் ஏறி, பெரும்பாலும் ஒரு காலை மடக்கிக்கொண்டு, தலையை முதுகில் செருகிக்கொள்ளும்.

நான் ஒரு முறை வாங்கினேன். பல ஆண்டுகளுக்கு முன்னால், இதேபோல ஒரு கூண்டு, இதேபோல ஒரு மூலை. நீல நிறப் பட்ஜி. வீட்டுக்குக் கொண்டுவந்து இதமான சூட்டில் வைத்துவிட்டு, அடுத்த நாள் காலையிலேயே மருத்துவரிடம் போனேன். அவர் அதைக் கையில் வாங்கிப் புரட்டி, என் விரலைப் பிடித்து அதன் நெஞ்சின் நடுவில் வைத்தார். நெஞ்செலும்பு கத்தி முனைபோல நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய பறக்கும் தசை கரைந்து போயிருந்தது. "இது நேற்று வந்த நோய் இல்லை, வாரக்கணக்கில் பட்டினி" என்றார். நான்காம் நாள் அது இறந்தது. சொல்லிவிட்டு வரலாம் என்று அந்தக் கடைக்குப் போனேன். நான் எடுத்துவந்த இடத்தில் புதிதாக இரண்டு பறவைகள் இருந்தன. என் பணத்தில் வந்தவை.

கடைக்காரரின் கணக்கில் நான் பறவையைக் காப்பாற்றியவன் இல்லை. சாகப்போகும் சரக்கையும் விலை கொடுத்து வாங்கிப்போன வாடிக்கையாளன். இரக்கப்பட்டு வாங்குகிறவர்கள் இருக்கும்வரை, நோயுற்ற பறவையைத் தனியே எடுத்துவைத்து மருந்து கொடுக்க அவருக்குக் காரணமே இல்லை. அந்த நீலப் பறவைக்கு என் வீட்டில் கிடைத்த நான்கு நாள் நல்ல நாள்கள்தான் என்று நம்புகிறேன். இருந்தும் அதன்பின் நான் அப்படி வாங்கியதில்லை.

பட்டினி என்றதும் கிண்ணத்தில் தீனி இல்லை என்று நினைத்திருப்பீர்கள். கிண்ணம் நிறைந்துதான் இருந்தது. பட்ஜி தினையை அப்படியே விழுங்காது. அலகால் உரித்து, பருப்பைத் தின்றுவிட்டு, உமியைக் கிண்ணத்திலேயே போட்டுவிடும். இரண்டு நாளில் கிண்ணம் முழுக்க உமியாகிவிடும். தூரத்தில் இருந்து பார்த்தால் தீனி ததும்புவதுபோல இருக்கும். கடைப் பையன் பார்த்துவிட்டு, "இருக்கே" என்று போய்விடுவான். அடியில் கொஞ்சம் தினை மிச்சமிருந்தாலும் பலமுள்ள பறவைகள் கிண்ணத்தை மறித்துக்கொள்ளும், மெலிந்தது மூலைக்குப் போகும். கிண்ணத்தை எடுத்து ஒரே ஒரு முறை ஊதினால் போதும், உமி பறந்து உண்மை தெரிந்துவிடும். அந்த ஊதலுக்குக்கூட ஆளில்லாமல் எத்தனை பறவைகள் நிறைந்த கிண்ணத்தின் முன்னால் செத்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனது ஆறுவதில்லை.

உமியைப் பற்றித் தெரிந்த பிறகு, நான் எந்தக் கடைக்குப் போனாலும் கூண்டைத்தான் முதலில் பார்க்கிறேன். குச்சிகள் எல்லாம் ஒரே தடிமனில் கடைந்து எடுத்த உருளைகளா? அப்படியானால் பாதத்தின் ஒரே இடத்தில் நாள் முழுக்க அழுத்தம் விழும், தோல் தடித்துப் புண்ணாகும், சீழ் பிடிக்கும். மரத்தில் இயற்கையாக எந்தக் கிளையும் ஒரே தடிமனில் இருப்பதில்லை. மெல்லியதும் பருத்ததுமாக நாலு கிளைகளை ஒடித்துவைத்தால் தீர்கிற பிரச்சினை இது, செலவே கிடையாது. அப்புறம், குச்சிக்கு நேர் கீழே தண்ணீர்க் கிண்ணமா என்று பார்ப்பேன். மேலே இருக்கும் பறவையின் எச்சம் விழுந்த தண்ணீரைத்தான் கீழே இருப்பது குடிக்கும். துத்தநாகம் பூசிய மலிவுக் கம்பியில் கூண்டு செய்திருந்தால் அதுவும் ஆபத்துதான். கிளி இனம் அலகால் கம்பியைக் கவ்விக் கவ்வி ஏறும், பூச்சு உதிர்ந்து வயிற்றுக்குள் போய் விஷமாகும். அழகுக்காக வாங்கும் வட்டக் கூண்டுகளில் ஒதுங்க ஒரு மூலைகூட இருக்காது.

காற்று இன்னும் முக்கியம். பறவையின் நுரையீரல் நம்முடையது மாதிரி இல்லை. உடம்புக்குள் காற்றுப் பைகள் இருக்கின்றன, பெரும்பாலான பறவைகளுக்கு ஒன்பது. இவற்றால் நுரையீரலுக்குள் காற்று ஒரே திசையில் ஓடுகிறது, பறவை மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் ஆக்சிஜன் சேர்ந்துகொண்டே இருக்கிறது. பறப்பதற்கு இது பெரிய வரம். கெட்ட காற்றும் அதே வேகத்தில் உள்ளே போகும் என்பதுதான் கேடு. நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் கேனரிப் பறவைகளைக் கொண்டுபோனது இதனால்தான். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1890களில் இந்த யோசனையைச் சொன்னார். மனிதர்கள் மயங்குவதற்கு முன்னால் கேனரி விழுந்துவிடும். பிரிட்டனில் 1986 வரை அவை சுரங்கத்துக்குள் போய்வந்தன. அப்படிப்பட்ட மூச்சு அமைப்புள்ள ஓர் உயிரை, நாள்பட்ட எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா நெடிக்கு நடுவே, ஜன்னல் இல்லாத கடையில் வைத்திருக்கிறோம். உள்ளே நுழைந்ததும் உங்கள் மூக்கை நெடி தாக்கியிருந்தால், கூண்டுக்குள் இருப்பவற்றுக்கு அது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

உறக்கமும் இப்படித்தான். பெரும்பாலான கூண்டுப் பறவைகளுக்கு இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேர இருட்டும் அமைதியும் வேண்டும். கடை விளக்கு இரவு வெகுநேரம் எரியும். அதற்குப் பின் சட்டென்று அணையும். காக்கடீல் (கடைகளில் காக்டெய்ல் என்பார்கள்) என்ற கொண்டைக் கிளிகள் திடீர் இருட்டில் ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் மிரண்டு கம்பியில் மோதிக்கொள்ளும். காலையில் கூண்டுத் தரையில் ரத்தம் தோய்ந்த இறகுகள் கிடக்கும்.

இன்னொன்று. கண் திறந்து சில நாளே ஆன குஞ்சுகளை, "கையால் ஊட்டி வளர்த்தால் உங்களிடம் ஒட்டிக்கொள்ளும்" என்று சொல்லி, மாவும் ஊசிக்குழலுமாக விற்கிறார்கள். தானாகத் தின்னத் தெரியாத குஞ்சு அது. மாவு கொஞ்சம் சூடு கூடினால் கழுத்தடியில் உள்ள தீனிப்பை வெந்துவிடும், ஆறினால் செரிக்காமல் தேங்கும். அனுபவமில்லாதவர் கையில் அது பிழைப்பது அரிது. இதை மட்டுமாவது எல்லாக் கடைகளும் நிறுத்த வேண்டும் என்பேன்.

"கூண்டிலேயே பிறந்தது, பழகிவிடும்" என்ற வாக்கியத்தை நான் எண்ணற்ற முறை கேட்டிருக்கிறேன். உங்கள் மகள் பார்த்தவை அநேகமாகப் பட்ஜிகள். நாம்தான் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லிப் பழகிவிட்டோம், உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு பறவை. பட்ஜி ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலத்துக்காரன். மழையையும் புல்விதையையும் தேடிப் பெருங்கூட்டமாக நெடுந்தூரம் பறப்பது. ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் 1840இல் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து கணக்குப் போட்டாலும் கூண்டு வாழ்க்கைக்கு இரு நூற்றாண்டுகூட ஆகவில்லை. நிறம் மாறியிருக்கிறது, உருவம் கொஞ்சம் மாறியிருக்கிறது. சிறகு அப்படியே இருக்கிறது, தலைக்கு மேல் நிழல் விழுந்தால் மிரளும் குணமும் அப்படியே இருக்கிறது. நெருக்கத்தில் அடைபட்டு, கொறிக்கவோ கிழிக்கவோ எதுவும் இல்லாமல் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். பழகிவிட்ட பறவை அப்படிச் செய்யுமா?

அந்தக் கூண்டில் இருந்தவற்றின் மனம் எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆய்வாளர் 1977இல் சிகாகோ பக்கம் ஒரு செல்லப்பிராணிக் கடையில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றை வாங்கினார். தானே தேர்ந்தெடுத்தால், புத்திசாலிக் கிளியாகப் பொறுக்கி எடுத்துவிட்டார் என்று யாராவது சொல்லக்கூடும் என்று, கடை ஊழியரையே ஏதோ ஒன்றைப் பிடித்துத் தரச் சொன்னார். அப்படி வந்ததுதான் அலெக்ஸ். நூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள் கற்றது, நிறமும் வடிவமும் சொன்னது, எண்ணிக் காட்டியது. 2007இல் இறந்தது. ஊழியரின் கை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் நமக்கு வேறொரு அலெக்ஸ் கிடைத்திருக்கும். இந்த அலெக்ஸ் யாரோ ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கியிருக்கும். எந்தக் கடைக் கூண்டைப் பார்க்கும்போதும் இது எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். அவர் கல்நெஞ்சக்காரர் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கடைக்காரர் கிண்ணத்தை ஊதிப் பார்ப்பதால் எந்த மனிதனுக்கும் எதுவும் குறைந்துவிடப் போவதில்லை. இன்னொரு விஷயத்தையும் அவரிடம் சொல்லுங்கள். கிளி இனப் பறவைகளிடமிருந்து சிட்டகோசிஸ் என்ற நோய் மனிதருக்கு வரும். காய்ந்த எச்சம் தூசியாகப் பறந்து மூச்சில் போனாலே போதும், நிமோனியா வரை கொண்டுபோகும். 1929, 1930இல் கிளி வணிகம் வழியாகப் பல நாடுகளில் பரவி உயிர்களைக் குடித்த நோய் இது. இன்று ஆன்டிபயாடிக் மருந்துகளால் குணப்படுத்திவிடலாம். ஆனால் நெருக்கடியிலும் மிரட்சியிலும் வாடும் பறவைதான் இந்தக் கிருமியை அதிகம் வெளியேற்றும். அந்தக் கூண்டை நாள்தோறும் துடைக்கும் பையனும் மனிதன்தானே.

சரி, என்ன செய்யலாம்? வாங்க வேண்டாம் என்றேன், சும்மா இருங்கள் என்று சொல்லவில்லை. கடை திறந்ததும் கூட்டமில்லாத நேரத்தில் போங்கள். குற்றம் சாட்டும் குரலில் பேசினால் அவர் காதை மூடிக்கொள்வார். ஒரே ஒரு காரியத்தை மட்டும் கேளுங்கள்: கிண்ணத்தை ஒரு முறை ஊதிக் காட்டச் சொல்லுங்கள். பல கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உமிக் கதையே தெரியாது, யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் பேசியவர்களில் சிலர் உண்மையிலேயே திடுக்கிட்டார்கள். அடுத்த முறை தண்ணீர்க் கிண்ணத்தை நகர்த்தச் சொல்லலாம், அதற்கு அடுத்த முறை நோயுற்றதைத் தனியே வைக்கச் சொல்லலாம். ஃபில்டரை அங்கேயே வாங்குகிற வாடிக்கையாளர் சொன்னால் எடுபடும். எதையும் கேட்க மாட்டேன் என்றால், தேதியோடு படம் எடுத்து, உயிருள்ளவை எத்தனை, செத்தவை எத்தனை என்று எழுதி, விலங்குநலனைக் கவனிக்கும் அரசு அலுவலகத்துக்கோ அமைப்புக்கோ புகார் கொடுங்கள். "கொடுமை" என்ற ஒரு சொல்லைவிட "கிண்ணத்தில் தீனி இல்லை, உமி மட்டும்" என்ற வரி அங்கே அதிகம் வேலை செய்யும். அதன்பின் ஃபில்டரையும் வேறு கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மகளுக்குப் பறவை வளர்க்க ஆசை இருந்தால், வளர்க்க முடியாமல் விட்டுவிட்டவர்களின் பறவைகளைப் பராமரிக்கும் இடங்கள் உண்டு, அங்கே கேட்டுப் பாருங்கள். பட்ஜி என்றால் ஐந்து முதல் பத்து ஆண்டு, காக்கடீல் என்றால் பதினைந்து, இருபது ஆண்டுகூட உங்களோடு இருக்கும். ஒன்றை மட்டும் தனியாக வைக்க வேண்டாம்.

அவளிடம் உண்மையைச் சொல்லுங்கள். அந்த மூலைப் பறவை இந்நேரம் உயிரோடு இருக்க வாய்ப்புக் குறைவு. எட்டு வயதுக்கு அது புரியும், நாம் மழுப்பினால் அதுவும் புரியும். கடைக்குப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கூண்டை முதலில் சரியாகப் பார்த்தவள் அவள்தான், கிண்ணத்தை ஊதச் சொல்லி அவளே கேட்கட்டும். போய்வந்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.