குழந்தை ஏன் திரும்பத் திரும்ப அட்மிட் ஆகிறது? வார்டு சிஸ்டரின் பதில்கள்

(குழந்தைகள் வார்டில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நீலகிரிப் பெற்றோர் கேட்டவை.)

கோத்தகிரி அம்மா: சிஸ்டர், பையனுக்கு மூன்று வயது. இந்தக் குளிரில் இரண்டாம் தடவை இழுப்பு வந்து அட்மிட் ஆனான். மருந்து சரியில்லையா?

மருந்துக்கு முன்னால் வீட்டைப் பாருங்கள் அம்மா. வார்டில் நன்றாக மூச்சுவிட்ட பிள்ளை வீட்டுக்குப் போன வாரமே இழுக்கிறான் என்றால், வீட்டில் புகை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். விறகடுப்பா? அப்பா பீடி பிடிக்கிறாரா? குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு சட்டியில் கரி மூட்டுகிறீர்களா? கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மூடிய அறையில் கரி வேண்டவே வேண்டாம்.

அப்புறம் இன்ஹேலர். தினமும் போடச் சொன்ன தடுப்பு இன்ஹேலரை இருமல் நின்றதும் நிறுத்திவிடுகிறார்கள். அது மூச்சுக்குழாய் வீக்கத்தை அடக்கி வைக்கும் மருந்து. நிறுத்தினால் வீக்கம் திரும்பும், பிள்ளையும் வார்டுக்குத் திரும்புவான். ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) வைத்துப் போடும் முறையை டிஸ்சார்ஜுக்கு முன் நர்ஸ் எதிரிலேயே செய்து காட்டுங்கள்.

மறுபரிசோதனைக்கு வராததும் ஒரு காரணம். தோட்ட வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. அந்தப் பெற்றோரைத் திட்டிப் பயனில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காட்டலாமா என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு எழுதி வாங்குங்கள்.

குன்னூர் அப்பா: எப்போது பயப்பட வேண்டும்?

பிள்ளை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டால் அன்றே காட்டுங்கள். விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலும், பால் குடிக்க முடியாவிட்டாலும், உதடு நீலமானாலும் 108. பொழுது சாய்வதற்குள் முடிவெடுங்கள். ராத்திரியில் நம் சாலைகளில் மூடுபனியும் யானையும் இருக்கும்.

ஊட்டி பாட்டி: நெஞ்சில் நீலகிரித் தைலம் தடவலாமா?

கைக்குழந்தைக்கு வேண்டாம் அம்மா. மூக்கருகே அறவே கூடாது.

குன்னூர் அப்பா: சளிக்கு மூக்கில் ஒரே ஒரு சொட்டு?

மேலே படியுங்கள். கூடாது.

தைலம் காய்ச்சும் குடும்பத்துத் தம்பி: நாங்கள் எல்லோரும் தைலத்தில்தான் வளர்ந்தோம். இயற்கைப் பொருளைக் குறை சொல்லலாமா?

உங்கள் தொழிலைச் சொல்லவில்லை தம்பி. பெரியவர்கள் முழங்காலில் தேய்த்துக்கொள்ளட்டும். ஆனால் ஒரு டீஸ்பூன் அளவு உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம், மயங்கலாம், மூச்சு திணறலாம். கைக்கு எட்டும் அலமாரியில் பாட்டிலை வைப்பதால் வரும் அட்மிஷன் இது. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போகும். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்.

அதே தம்பி: அப்போ தைலம் போட்டு ஆவியாவது பிடிக்கலாமே?

வெந்நீர்ச் சட்டி கவிழ்ந்து வெந்த பிள்ளைகளைப் பார்த்தவள் நான். அதுவும் வேண்டாம்.

கூடலூர் அம்மா: மகளுக்கு சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்). குளிர் வந்தால் வலியோடு அட்மிட் ஆகிறாள். அதற்கான ஹைட்ராக்ஸியூரியா மருந்து எவ்வளவு தரலாம்?

அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எடையும் ரத்தப் பரிசோதனையும் பார்த்து மாற்றுவார். நம் மலையின் பழங்குடிகளிடம் இந்த நோய் இருப்பது 1952-லேயே பதிவானது, ஆனாலும் இன்னும் பல வீடுகளில் வலி வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். காலையில் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டாதீர்கள், சாக்ஸ் போடுங்கள், நிறையத் தண்ணீர் கொடுங்கள். பெனிசிலின் எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு நாளும் விடாதீர்கள். காய்ச்சல் வந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது; இந்தப் பிள்ளைகளுக்குக் கிருமித்தொற்று வேகமாகப் பரவும்.

கோத்தகிரி அப்பா: நிமோனியா தடுப்பூசி காசு கொடுத்துத்தான் போட வேண்டுமா?

இல்லை. 2021 முதல் அரசு மையங்களில் இலவசம். 6 வாரம், 14 வாரம், 9 மாதம்.

குன்னூர் அம்மா: தைலத்தைத் தலையணையில் தெளித்தால்?

வேண்டாம் அம்மா. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். மருந்துக்கடையில் கிடைக்கும்.