கொல்லைப்புறத்துச் சாலை: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், நாசோ கவுன்டியில் இருக்கிறேன். இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் கொல்லை வேலியோரம் குட்டையான கான்கிரீட் தூண் ஒன்று நிற்பதைப் பார்த்தேன். பிடுங்கிப் போடலாம் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓடிவந்து தடுத்துவிட்டார். அது லாங் ஐலண்ட் மோட்டார் பார்க்வேயின் வேலிக்கால் என்றார். வில்லியம் கே. வாண்டர்பில்ட் ஜூனியர் என்ற கோடீசுவரர், கார்களுக்கு மட்டும் என்று 1908-இல் திறந்த கட்டணச் சாலையாம் அது. 1938-இல் மூடிவிட்டார்கள். அதன் தடத்தைத் தேடி விடுமுறை நாட்களில் அலையும் உள்ளூர்க்காரர்கள் சிலர் இங்கே இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன், பள்ளி நூலகர், தபால்காரர் என்று சாதாரண மனிதர்கள். இப்போது நானும் அவர்களோடு போகிறேன்.

இதைத் தமிழில் ஒரு தொடராக எழுத ஆசை. 'உலகின் முதல் மோட்டார் சாலை' என்று தலைப்பு யோசித்திருக்கிறேன். ஆனால் இத்தாலிக்காரர்கள் தங்களுடையதுதான் முதல் என்கிறார்கள். எதை நம்பி எழுதுவது? ஒரு கான்கிரீட் தூணுக்காக இவர்கள் இவ்வளவு மெனக்கெடுகிறார்களே, நமக்கு ஏன் இந்த வரலாற்று உணர்வு இல்லை என்றும் தோன்றுகிறது. எங்கோ இருக்கும் சாலையைப் பற்றித் தமிழில் எழுதினால் யார் படிப்பார்கள் என்ற தயக்கம் வேறு.

கே.

*

அன்புள்ள கே.,

சில வாரங்களாக நான் கொடைக்கானலுக்குப் போகும் பழைய நடைபாதையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் குவிந்து கிடக்கும் மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டு இதற்குப் பதில் எழுதுகிறேன்.

யார் படிப்பார்கள் என்ற கவலையை விடுங்கள். பிடுங்க நினைத்த தூணிலிருந்து கட்டுரை தொடங்கினால் நான் படிப்பேன், என்னைப் போலப் பலர் படிப்பார்கள். நமக்கு வரலாற்று உணர்வு இல்லை என்ற பல்லவியை எனக்கு எழுத வேண்டாம். கல்வெட்டைப் படியெடுக்கும் பள்ளி ஆசிரியர்களும், நடுகல்லைத் தேடி முள்ளுக்குள் நுழையும் இளைஞர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் யாரையும் நீங்கள் சந்தித்ததில்லை என்பதைத் தவிர அந்த வாக்கியத்தில் வேறு செய்தி இல்லை.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் தலைப்பைப் பார்த்துத்தான்.

'உலகின் முதல்'. இந்த இரண்டு சொற்களும் உள்ளூர் வரலாற்றுக்குச் செய்திருக்கும் கெடுதலை வேறு எதுவும் செய்ததில்லை. முதல் என்று ஒன்றை நிறுவ வேண்டுமானால் அடைமொழிகளைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். கார்களுக்கு மட்டுமான, குறுக்குச் சாலைகளைப் பாலம் கட்டித் தாண்டிய, கான்கிரீட் போட்ட, கட்டணம் வாங்கிய என்று. உங்களுடைய சாலையைத் தவிர வேறு எதுவும் உள்ளே நுழைய முடியாதபடி வாசலைக் குறுக்கிய பிறகு, இதோ முதல் என்று அறிவிக்கலாம். பெர்லினில் 1921-இல் திறந்த ஆவுஸ் சாலைக்கும் அப்படி ஓர் அடைமொழி உண்டு. இத்தாலியப் பொறியாளர் பியரோ பூரிச்செல்லி மிலானிலிருந்து வரேசே நோக்கிப் போட்டு 1924-இல் திறந்த ஆட்டோஸ்ட்ராடா என்ற மோட்டார் சாலைக்கும் உண்டு. அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் அடைமொழியோடு ஜெயித்துக்கொள்வார்கள். ஜெயித்த பிறகு கையில் இருப்பது ஒரு தேதியும் ஒரு பணக்காரரின் பெயரும் மட்டும்.

அதைவிட மோசம், முதல் என்று சொன்னதுமே கதை திறப்பு விழாவோடு முடிந்துவிடுகிறது. உங்கள் சாலை 1908-இல் முதன்மை பெற்றுவிட்டது, சரி. அப்புறம் 30 வருடம் அது என்ன செய்தது? அது செத்த பிறகு இத்தனை வருடங்களாக அந்த நிலம் என்ன ஆனது? நீங்கள் எழுத வேண்டிய கதை முழுவதும் அங்கேதான் இருக்கிறது, தலைப்போ உங்களைத் திறப்பு விழாப் பந்தலிலேயே உட்கார வைக்கிறது.

அந்தச் சாலை ஏன் பிறந்தது என்று பாருங்கள். வாண்டர்பில்ட் 1904-இல் தன் பெயரில் ஒரு கோப்பை வைத்து லாங் ஐலண்டின் பொதுச் சாலைகளில் கார் பந்தயம் தொடங்கினார். குதிரை வண்டியும் கோழியும் குழந்தைகளும் நடமாடும் சாலைகள் அவை. 1906 பந்தயத்தில் வேடிக்கை பார்க்க நின்றவர் ஒருவர் கார் மோதிச் செத்தார். 1907-இல் பந்தயமே நடக்கவில்லை. தனிச் சாலைக்கு வேகம் பிறந்தது அந்தச் சாவிலிருந்துதான். 1908-இல் புதுச் சாலையின் முதல் துண்டைப் பந்தயப் பாதையில் சேர்த்தார்கள். ஆனாலும் பந்தயத்தின் பெரும்பகுதி பொதுச் சாலையில்தான் ஓடியது. 1910 பந்தயத்தில் இரண்டு மெக்கானிக்குகள் இறந்தார்கள். ஓட்டுபவரின் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் பம்பை அழுத்தி, டயரைக் கவனித்து, பின்னால் வரும் காரைப் பார்த்துச் சொல்லும் ஆட்கள் அவர்கள். அத்தோடு லாங் ஐலண்டின் சாலைகளில் வாண்டர்பில்ட் கோப்பைப் பந்தயம் நின்றது. அந்த வருடம் ஜெயித்தவர் ஹாரி கிராண்ட் என்று எந்தக் கார் பிரியரும் சொல்வார். இறந்த இருவரின் பெயரை உங்கள் குழுவில் எத்தனை பேர் யோசிக்காமல் சொல்வார்கள்? கேட்டுப் பாருங்கள்.

பந்தயம் போன பிறகும் சாலை இருந்தது. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியிலிருந்து ரான்கன்கோமா ஏரி வரை சுமார் 45 மைல். உள்ளே நுழைய 1908-இல் 2 டாலர் கட்டணம். கடைசிக் காலத்தில் 40 சென்டுக்கு இறங்கிவிட்டது. 1930-களில் ராபர்ட் மோசஸ் என்ற அரசு அதிகாரி அரசாங்கப் பணத்தில் நார்தர்ன் ஸ்டேட் பார்க்வேயைத் திறந்தார். அகலமானது, காசு கேட்காதது. பழைய சாலை பந்தயக் காலத்து வேகத்துக்கும் அந்தக் காலத்து வண்டிகளுக்கும் போட்டது. ஓசியில் ஒரு நல்ல சாலை பக்கத்திலேயே வந்த பிறகு எவன் காசு கொடுத்துக் குறுகிய சாலையில் போவான்? வரிப் பாக்கி ஏறியது. பாக்கிக்கு ஈடாக 1938-இல் சாலையையே ஒப்படைத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஓர் ஆசிரியர் ஞாபகத்துக்கு வருகிறார். பெரியகுளம் பக்கத்தில் தமிழாசிரியராக இருந்தவர். நான் அவரிடம் படித்ததில்லை, ஆனால் அவர் பின்னால் நிறைய நடந்திருக்கிறேன். மலையடிவாரத்தில் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பழைய பாதைதான் அவருடைய பைத்தியம். மோட்டார் சாலை வருவதற்கு முன்னால் மலைக்குப் போகிறவர்கள் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் அந்தத் தோப்புக்கு வருவார்கள். அங்கிருந்து குதிரையிலோ, ஆட்கள் தூக்கும் நாற்காலியிலோ மேலே ஏறுவார்கள். பெட்டி, படுக்கை, பியானோ உட்பட எல்லாம் மனிதத் தலையிலும் தோளிலும்தான் போனது. 1910-களில் மேஜர் லாவின் பெயரால் லாஸ் காட் ரோடு என்று வழங்கும் சாலை வந்தது. வத்தலக்குண்டு வழியாக கார் ஏறத் தொடங்கியதும் அந்தப் பாதையில் புல் முளைத்தது.

ஆசிரியர் தேடியது ஒரே ஒரு கேள்விக்கான பதிலை. கார் வந்த அடுத்த வருடம் நாற்காலி தூக்கியவர்கள் என்ன செய்தார்கள்? அடிவாரத்து ஊர்களில் அவர்களுடைய பேரன்களைத் தேடிப் பிடித்துப் பேசினார். எந்தத் திருப்பத்தில் தோள் மாற்றினார்கள், எங்கே தண்ணீர் குடித்தார்கள், மழைக்காலத்தில் கூலி ஏறுமா இறங்குமா, வேலை போனதும் யார் தோட்டத்துக்குப் போனார்கள், யார் ஊரைவிட்டே போனார்கள் என்று ஒரு நீளமான கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். ஒருவர் பெயரைச் சொன்னால் அவர் மாமனார் பெயரையும் கேட்டு எழுதுவார். எனக்கு அப்போது அது சலிப்பாக இருக்கும். கிழவர்கள் பேச்சு முடிந்து அருவிப் பக்கம் எப்போது போவோம் என்று காத்திருப்பேன்.

ஒரு விழா மலருக்காக அவரிடம் கட்டுரை கேட்டார்கள். ராப்பகலாக உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். மலர் வந்தபோது அதில் அவர் பெயரில் இரண்டு பத்திகள் இருந்தன. 1821-இல் நில அளவைக்காக மலையேறிய லெப்டினன்ட் வார்ட் என்பவரை, மலையில் கால்வைத்த முதல் வெள்ளைக்காரர் என்று போட்டிருந்தார்கள். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் கட்டிய முதல் வீடுகளைப் பற்றி இன்னொரு பத்தி. நாற்காலி தூக்கியவர்கள் மொத்தமாகக் காணாமல் போயிருந்தார்கள். காரணம் கேட்டபோது, "முதல் யார்ங்கிறதுதான் சார் செய்தி" என்றார்களாம். வார்டுக்கு முன்னால் நடந்து வழிகாட்டியவர் யார் என்று அந்த மலர் கேட்கவில்லை. பளியர்கள் காலங்காலமாக அந்த மலையில் குடியிருந்ததும் அதற்கு உறைக்கவில்லை. ஆசிரியர் அதன் பிறகு யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் காலமானதும் அந்த நோட்டு பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டது. அதில் இருந்த பெயர்கள் வேறு எங்கும் இல்லை. பேரன்களும் இப்போது இல்லை. எத்தனையோ வருடங்கள் ஆகியும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, அடங்க வேண்டும் என்று நினைக்கவும் இல்லை.

உங்கள் தலைப்பைப் பார்த்ததும் ஏன் கோபம் வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

உங்கள் கூட்டாளிகள் செய்கிற வேலை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. குவீன்ஸ் பக்கம் அந்தச் சாலை சைக்கிள் பாதையாகிவிட்டது, பழைய பாலங்கள் சில அப்படியே நிற்கின்றன. கிழக்கே சஃபோக் கவுன்டியில் இன்றும் அதன் மேல் கார் ஓடுகிறது. நடுவிலிருக்கும் உங்கள் நாசோவில்தான் அது துண்டு துண்டாகிவிட்டது. மின்கம்பிகளுக்குக் கீழே இருக்கும் நிலத்தில் கொஞ்சம், கொல்லைப்புறங்களில் கொஞ்சம், 1947 முதல் எழுந்த லெவிட்டவுன் என்ற குடியிருப்பின் வீடுகளுக்குக் கீழே கொஞ்சம். வரலாறு அடர்த்தியாக இருப்பது அங்கேதான். மனைப் படத்தில் எல்லைக்கோடுகள் எல்லாம் நேராகப் போகும்போது ஒன்று மட்டும் காரணமில்லாமல் வளைந்தால், அந்த வளைவைப் பழைய வான்படத்தோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பொறுமையும் அன்பும் வேண்டும், சம்பளம் கிடையாது. அதைச் செய்கிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

நீங்கள் உங்கள் மனையின் மூலப்பத்திரத்தைத் தேடுங்கள். சாலை போடுவதற்கு முன் அது யாருடைய உருளைக்கிழங்கு வயலாகவோ காடாகவோ இருந்தது, அவர் நிலத்தை விற்றாரா, பாதைக்கு மட்டும் விட்டுக்கொடுத்தாரா, 1938-க்கும் உங்கள் வீடு எழும்பியதற்கும் நடுவில் அது யார் கையில் இருந்தது என்று பாருங்கள். மதுவிலக்குக் காலத்தில் சாராயம் கடத்தியவர்கள் அந்தச் சாலையில் பறந்த கதையை எல்லோரும் உங்களிடம் சொல்வார்கள். ஒரு பத்திக்கு மேல் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

கட்டணச் சாவடிகளுக்கு நிறைய இடம் கொடுங்கள். அவற்றில் சிலவற்றை வடிவமைத்தவர் ஜான் ரஸ்ஸல் போப், பிற்பாடு வாஷிங்டனில் ஜெஃபர்சன் நினைவகத்தை வடிவமைத்தவர். கட்டுரை எழுதுகிறவர்கள் இந்தத் தகவலோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அவை சாவடி மட்டுமல்ல, வீடுகள். காசு வாங்குகிறவர் குடும்பத்தோடு அதற்குள் குடியிருந்தார். நடுராத்திரியில் ஹாரன் சத்தம் கேட்டால் யார் எழுந்து போனார்கள்? பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போனார்கள்? 2 டாலர் 40 சென்டாக இறங்கியபோது அந்த வீட்டுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள்? மூடிய அன்றைக்கு வேலையோடு சேர்த்து வீடும் போயிற்றா?

அந்த வீடுகளில் பிறந்த குழந்தைகள் இன்று இருந்தால் தொண்ணூறை நெருங்கியோ தாண்டியோ இருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகளையாவது அறிந்தவர் உங்கள் ஊரில் கட்டாயம் இருப்பார். தபால்காரரிடம் கேளுங்கள், எந்த வீட்டில் யார் பிள்ளை என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. பக்கத்து வீட்டுப் பெரியவரின் வயதை நீங்கள் எழுதவில்லை. அவரிடம் இந்த வாரமே உட்கார்ந்து பேசுங்கள். பேச்சைப் பதிவு செய்யுங்கள், பெயர்களை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதிவின் இரண்டு பிரதிகளை வேறு வேறு ஆட்களிடம் கொடுத்து வையுங்கள், ஒன்றை அந்த நூலகரிடம். எழுதிய வரைக்கும் எனக்கு அனுப்புங்கள். தலைப்பு இல்லாமல் வந்தாலும் சரி.